தடுப்பு எடுத்த மத்தியானம்

லண்டன் டெட்ஃபோர்டில், இரண்டு தெருக்கள் கூடும் முனையைச் சீவி வாசல் வைத்த எங்கள் மதுக்கடைக்குள் மத்தியான வெயில் சரிந்து விழுகிறது. கூலிக்காரர்கள் குடிக்கும் அறையையும் வசதிக்காரர்கள் குடிக்கும் அறையையும் விக்டோரியா ராணி காலத்திலிருந்து பிரித்து நின்ற மரத்தடுப்பைத் தச்சர்கள் கழற்றுகிறார்கள். அதில் பதித்திருந்த, நான் தினமும் காலையில் துடைத்துவந்த, திராட்சைக்கொடி செதுக்கிய கண்ணாடியைக் கடைசியாகத் தூக்கிப்போகிறார்கள். கொடியின் நிழல் பச்சை ஓடு பதித்த சுவரில் ஒருமுறை ஊர்ந்து மறைகிறது. பியர் ஊற்றும் என் கை நின்றுவிடுகிறது. இந்தப் பக்கம் துறைமுகக் கூலி வில்ஃப். அந்தப் பக்கம் அவருடைய அண்ணன், மேஸ்திரி ஹோரஸ். பல வருஷங்களுக்கு முன்பு அம்மாவை அடக்கம் செய்த அன்று போட்ட சண்டைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. ஆனாலும் தினமும் வந்து, ஆளுக்கொரு அறையில், அந்தத் தடுப்பில் முதுகைச் சாய்த்துத்தான் குடிப்பார்கள். இப்போது சாய ஒன்றுமில்லாமல் இருவரும் திரும்பிப் பார்க்கிறார்கள். நடுவே, தடுப்பு நின்ற இடம் தரையில் வெளுத்த கோடாகக் கிடக்கிறது.

“இவ்வளவு கிழவனாயிட்டியாடா?” என்கிறார் ஹோரஸ்.

“நீ மட்டும் மாப்பிள்ளையாக்கும்! தலையில ஒத்த முடியக் காணோம்.” என்கிறார் வில்ஃப்.

ஹோரஸ் நாற்காலியை இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி வருகிறார். தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்கிறார்: “குளிர்காலம் முழுக்க இருமிக்கிட்டே இருந்தியே, டாக்டர்கிட்ட காட்டினியா இல்லியா?”