கோட்டை விட்டு நகர்ந்த பந்து

"டேய் பந்து, என்னை விட்டு நகராதே! நகர்ந்தேன்னா அமுதினி உன்னை அழிச்சிடுவா!" என்று நடுக்கோடு கத்தியது.

அமுதினி கணினியில் செய்யும் ஆல்பத்தில், ஸ்டிக்கர்களை வரிசையாக வைக்கப் பக்கத்தின் நடுவில் ஒரு கோடு உண்டு; ஸ்டிக்கர் எல்லாமே அதோடு ஒட்டித்தான் நிற்கும். பந்து ஸ்டிக்கரும் அதுவரை அப்படித்தான் நின்றது. ஆனால் ஓரத்துப் போட்டோவில் எம்பிக் குதித்த நாய்க்குட்டி வெறுங்காற்றைக் கவ்விக்கொண்டிருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

"அண்ணே, இங்க வாண்ணே!" என்றது குட்டி.

"அழிச்சா அழிக்கட்டும்" என்று பந்து உருண்டுபோய் அதன் பற்களுக்கிடையில் கச்சிதமாக உட்கார்ந்தது.

எழுந்து போயிருந்த அமுதினி திரும்பி வந்து பார்த்தாள். "ஐ, பிடிச்சிருச்சு!" என்று கைதட்டிவிட்டு அப்படியே சேமித்தாள். குட்டியால் நன்றி சொல்லக்கூட முடியவில்லை, வாய் நிறையப் பந்து.

"சேமிச்சிட்டா நீ பெரிய ஆளா? மரியாதையா நடுவுக்கு வாடா!" என்றது கோடு.

பந்து போகவில்லை.