கோவளத்தில் இறங்கிய விமானம்

“கண்ணு தெரியாத குழந்தைகளைப் போய் ஏமாத்தியிருக்கியே குமரேசா, உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?”

வைத்தீஸ்வரன் போட்ட சத்தத்தில், வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து அடுத்த தெருவுக்குக் குடிபெயர்ந்தது.

சென்னை கோவிலம்பாக்கத்தில், பெற்றோர் இல்லாத பார்வையற்ற குழந்தைகளுக்கான இல்லம் அது. பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வைத்தீஸ்வரன்தான் செயலாளர். எதிரே தலையைச் சொறிந்துகொண்டு நின்ற குமரேசன், இல்லத்து வேன் டிரைவர்.

“இன்னா சார், ஏமாத்தினேன் அது இதுன்னு பெரிய வார்த்தைல்லாம் சொல்றீங்க. பசங்களை பிளேன்ல ஒரு ரவுண்டு இட்டுக்கினு போனேன், அவ்ளோதான்.”

“எந்த பிளேன்ல?”

“நம்ம வேன்லதான்.”

விஷயம் இதுதான். போன ஆண்டு விழாவுக்கு வந்த ஏதோ ஒரு கம்பெனிக்காரர்கள், எல்லாக் குழந்தைகளையும் விமானத்தில் அந்தமானுக்கு அழைத்துப் போவதாக மைக்கில் அறிவித்தார்கள். கைதட்டல், கேக், போட்டோ. அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை.

குழந்தைகள் விடுவார்களா? இல்லத்துக்கு மேலே தாழப் பறக்கும் ஒவ்வொரு விமானத்துக்கும், “சார், நம்ம பிளேனா?” என்று கேட்டார்கள். வைத்தீஸ்வரனும், “அடுத்த மாசம் கண்டிப்பா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நேற்று அவர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, குமரேசன் விமானத்தைக் கிளப்பிவிட்டான்.

இன்று காலை அவர் உள்ளே நுழைந்ததும் குழந்தைகள் மொய்த்துக்கொண்டார்கள்.

“சார், நாங்க அந்தமான் போயிட்டு வந்துட்டோம்!”

“மேகத்தைத் தொட்டேன் சார். சில்லுனு, ஈரப் பஞ்சு மாதிரி இருந்துச்சு.”

“மேலே போகப் போக ஒரே அமைதி சார். நட்சத்திரமெல்லாம் பகல்ல தூங்கும்ல? அதுங்க மூச்சு விடறதுகூடக் கேட்டுச்சு.”

“ஒரு பருந்து கூடவே பறந்து வந்து, ஜன்னலைத் தட்டி டிக்கெட் கேட்டுச்சு சார்!”

கேட்கக் கேட்க வைத்தீஸ்வரனுக்கே ஒரு நிமிஷம் கால் தரையில் இல்லை. அப்புறம்தான் கோபம் வந்தது.

“அந்த மேகம் எங்கேர்ந்துடா வந்தது?” என்றார் இப்போது.

“நம்ம சமையல் ஹேமாவதியக்காதான் சார் ஏர் ஹோஸ்டஸ். ஐஸ் தண்ணில பஞ்சை நனைச்சு ஜன்னலாண்ட நீட்டிச்சு. பழைய புடவையில சீட் பெல்ட், தட்டுல ஆரஞ்சு மிட்டாய், எல்லாம் கரீட்டா பண்ணிச்சு.”

“ஏறினது, இறங்கினதெல்லாம்?”

“மேடவாக்கம் மேம்பாலம் இன்னாத்துக்குக் கீது? மேல ஏத்தி, சர்ருனு எறக்கினா வயித்துல ஜிவ்வுங்கும் பாருங்க... பசங்க கத்தின கத்து! அப்டியே கேளம்பாக்கம் வழியா வந்து கோவளம் பீச்சாண்ட லேண்டிங்.”

“அங்கே மீன் விக்கறவங்க தமிழ்லதானே கத்துவாங்க?”

“அந்தமான்லயும் தமிழ் ஆளுங்க கீறாங்க சார்.”

சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்து வைத்தீஸ்வரன் மேஜையைத் தட்டினார்.

“பருந்து வேற டிக்கெட் கேட்டுதாக்கும்!”

குமரேசன் விழித்தான். “பருந்தா? அது நம்ம சரக்கு இல்லியே சார்.”

“போதும். நாளைக்குப் பெரியவங்களாகி நிஜ பிளேன்ல ஏறும்போது, கண்ணு தெரியலைன்னுதானே இப்படிப் பண்ணினாங்கன்னு நினைக்க மாட்டாங்களா? அன்னிக்கு எந்த முகத்தோட நிப்பே? சாவியைக் குடு. நாளையிலேர்ந்து வர வேண்டாம்.”

குமரேசன் முகம் சுருங்கிப்போயிற்று. “வேலை போனாப் போவுது சார். பசங்களாண்ட மட்டும் சொல்லாதீங்க. குடுத்த மேகத்தைத் திருப்பி வாங்காதீங்க சார்.”

“பொய் சொல்லி வளர்க்க நான் இந்த இல்லத்தை நடத்தலை.”

சின்ன வெண்கல மணி கோத்த வேன் சாவியை வாங்கிக்கொண்டு, விறுவிறுவென்று ஹாலுக்குப் போனார். குமரேசன் பின்னாலேயே ஓடினான்.

“குழந்தைகளா, நேத்து நீங்க போனது...”

“சார்” என்று எழுந்தாள் பத்து வயசுப் பட்டு. “குமரேசன் அண்ணனோட வேன் சாவி உங்க கையில ஏன் இருக்கு?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“மணிச் சத்தம் கேக்குதே. பிளேன்லயும் வழி முழுக்க அதே மணிதான் கிணுகிணுன்னுச்சு.”

ஹால் முழுக்க, சிரிப்பை அடக்கும் சத்தம்.

“அப்போ... அது வேன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“மேகத்துல யாராவது ஸ்பீட் பிரேக்கர் போடுவாங்களா சார்? ஆனா நாங்க நல்லாப் பறந்தோம்.”

குமரேசன் வாயைப் பொத்திக்கொண்டான்.

வைத்தீஸ்வரன் அருகிலிருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். “தெரிஞ்சுமா எங்கிட்டே அந்தமான், நட்சத்திரம், பருந்துன்னு அளந்தீங்க? ஏம்மா?”

பட்டு அவர் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

“பிளேன் சத்தம் கேட்டாலே உங்க குரல் சின்னதாப் போயிடுது சார். நாங்க போயிட்டு வந்துட்டோம்னு சொல்லிட்டா, இனிமே நீங்க ‘அடுத்த மாசம்’னு பொய் சொல்லிக்கிட்டுக் கஷ்டப்பட வேணாமே... அதான்.”

தலைக்கு மேலே ஒரு விமானம் தாழப் பறந்து போயிற்று. “நம்ம பிளேனா?” என்று யாரும் கேட்கவில்லை.

அந்தச் சத்தம் தேய்ந்து அடங்கியதும், ஒரு சின்ன மணி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுவது குழந்தைகள் எல்லோருக்கும் கேட்டது.