ஐந்தாவது கல்

"வாயட்! டேய், வாயட்!"

கத்திக் கத்தி டெஸ்ஸாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மூன்று நண்பர்களும் காரில் கிளம்பி வந்து பார்க்கும் நான்காவது பாலைவனப் பூங்கா இது. 'முன்னாடி போய்ப் பார்க்கிறேன்' என்று போனவனை மூன்று மணி நேரமாகக் காணோம். அவனுடைய தண்ணீர்ப் பை டெஸ்ஸாவின் தோளில் தொங்கியது.

"சாப்பாட்டு நேரத்துக்கு எங்க இருந்தாலும் வந்துடுவான்டி அந்தத் தடியன்," என்ற மார்லீ, சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

பொழுது சாய்வதற்குள் பூங்காவின் காவலர்களான ரேஞ்சர்கள் அவனை ஒரு பள்ளத்திலிருந்து தூக்கி வந்தார்கள். கால் முறிந்திருந்தது.

"ஏன்டா வழியை விட்டுட்டுப் போன?" என்றாள் மார்லீ.

"நான் எங்க விட்டேன்? கல்லடுக்கைப் பார்த்துத்தான் திரும்பினேன்."

வெறும் பாறையில் பாதை ஏது? ரேஞ்சர்கள் அடுக்கி வைக்கும் கற்கள்தான் அங்கே வழிகாட்டி.

"அது நாங்க வச்சதில்லப்பா," என்றார் ரேஞ்சர். "எவனோ விளையாட்டுக்கு அடுக்கிட்டுப் போயிருக்கான். மொத்தம் அஞ்சு கல்லு, உச்சியில இருக்கிற அஞ்சாவது மட்டும் வெள்ளைக் கல்லு."

"அவன் மட்டும் என் கையில கெடச்சான்..." மார்லீ பல்லைக் கடித்தாள்.

வாயட் டெஸ்ஸாவின் கையைப் பிடித்தான். "நீ கூப்பிடுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அதான் மயங்காம கெடந்தேன்."

டெஸ்ஸா கையை உருவிக்கொண்டு ஃபோனைப் பைக்குள் தள்ளினாள். காலையில் எடுத்த படம் அதில் இருந்தது. வெள்ளைக் கல்லை உச்சியில் வைத்துவிட்டு அவள் சிரிக்கிறாள்.

"ஏய் டெஸ்ஸா," என்றாள் மார்லீ, "காலையில அந்தப் பக்கம் படம் எடுக்கப் போனியே, அந்தக் கல்லடுக்கு அப்பவே அங்க இருந்துச்சா?"