பதினொன்றாம் நம்பர் சீல்

"என்னங்க, நம்ம புள்ள கப்பல் இன்னைக்காவது தெரியுதா?"

ஆப்பச் சட்டியைச் சுழற்றிக்கொண்டே மஹ்பூபா கேட்டாள். லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஹாஜா நஜ்முதீன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சர்வர் டவுன்னு நினைக்கிறேன். சாயங்காலத்துக்குள்ள வந்துரும்."

"மூணு நாளாவா டவுன்?"

"பெரிய சர்வர். ரிப்பேர் பண்ண நாளாகும்ல?"

பொய் சொல்வதில் அவர் கெட்டிக்காரர் இல்லை. முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு இது தெரியாமலா இருக்கும்? ஆனாலும் மஹ்பூபா தலையாட்டிவிட்டு அடுத்த ஆப்பத்துக்கு மாவை ஊற்றினாள்.

மகள் ரிதா ஆராய்ச்சி மாணவி. அண்டார்டிகாவுக்குக் கப்பலேறி ஒன்றரை மாதம் ஆகிறது. கப்பலில் போன் அவசரத்துக்கு மட்டும்தான். வீட்டுக்கு வாரம் ஒரு மெயில். இவர்கள் குடியிருக்கும் டப்ளினிலிருந்து பக்கத்து ஊரான சான் ஹோசேக்கு ஃப்ரீவேயில் போனாலே 'போய்ச் சேர்ந்துட்டேன்' என்று போன் பண்ண வேண்டிய பெண் அவள்.

கிளம்பும் முன் வாப்பாவின் லேப்டாப்பில் ஒரு வெப்சைட்டைப் போட்டுக் கொடுத்து, தினமும் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனாள். கொஞ்ச நாளில் அதில் ஐஸ் கடலின் வரைபடமும் ஒரு சிவப்புப் புள்ளியும் வந்தன. பக்கத்தில் 'சீல் 11' என்று எழுதியிருந்தது. மஹ்பூபா எட்டிப் பார்த்து, "இது என்னங்க?" என்றாள். கலங்கியிருந்த அவள் முகத்தைப் பார்த்ததும் ஹாஜா வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்.

"இதான் ரிதா போற கப்பல்."

"சீல்னு போட்டிருக்கே?"

"கவர்ன்மென்ட் செக் பண்ணி சீல் வச்ச கப்பல். சீல் நம்பர் பதினொண்ணு."

ஊரில் சீல் வைத்தால் கடையே திறக்காது. சீல் வைத்த கப்பல் மட்டும் எப்படி ஓடும் என்று அவள் கேட்காதது அவருடைய அதிர்ஷ்டம். அன்றிலிருந்து காலையில் அவள் புள்ளியை விசாரிப்பதும், "ஜம்முன்னு போகுது, நீ கவலைப்படாதே" என்று இவர் தெம்பு சொல்வதும் வழக்கமாகிவிட்டது.

உண்மையில் அது கப்பல் இல்லை, சீல் என்கிற கடல்நாய். ரிதாவும் அவளோடு போனவர்களும் அதன் தலையில் ஒரு சின்னக் கருவியைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். கப்பல் நுழைய முடியாத பனிப்பாளத்துக்கு அடியில் அது முங்கிப் போகும்போது, தண்ணீரின் சூட்டைக் கருவி அளந்துகொண்டே போகும். மூச்சு வாங்க மேலே வரும்போது கணக்கையெல்லாம் சாட்டிலைட்டுக்கு அனுப்பிவிடும். புள்ளியும் அப்போதுதான் வரைபடத்தில் தெரியும்.

அந்தப் புள்ளிதான் மூன்று நாளாக இல்லை. மஹ்பூபாவைப் பொறுத்தவரை கப்பலையே காணவில்லை என்று அர்த்தம். இப்போது போய் அது கடல்நாய் என்று சொன்னால், பயத்தில் ஏதோ மழுப்புகிறார் என்றுதானே நினைப்பாள்?

"பசியாற வாங்க."

"பசிக்கல."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. ஒரு ஆப்பமாவது சாப்பிடுங்க. புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது, இன்ஷா அல்லாஹ்."

பாவம், பயத்தை மறைத்துக்கொண்டு பேசுகிறாள் என்று அவருக்குப் பட்டது. அரை ஆப்பத்தைப் பிட்டு வைத்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினார். அங்கேயும் மீட்டிங் நடுவில் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தார். தொழுகையில் கையேந்தியபோது அந்தக் கடல்நாய்க்காகவும் துஆ கேட்டார். அது ரிதாவின் கை பட்ட உயிர். அது நகர்ந்தால்தான் மகள் பத்திரமாக இருக்கிறாள் என்று அவர் மனசும் எப்போதோ முடிச்சுப் போட்டுவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் லேப்டாப்பைத் திறந்தவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"மஹ்பூபா, வந்துருச்சு. இங்க வந்து பாரு."

அவள் கரண்டியோடு வந்து பார்த்தாள். புள்ளி முன்பு இருந்த இடத்தைவிட்டு வெகுதூரம் தெற்கே தள்ளி இருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ். இப்பவாவது பசியாறுவீங்களா?"

ஹாஜா ஐந்து ஆப்பம் சாப்பிட்டார். கைகழுவிவிட்டு வந்து மறுபடியும் புள்ளியைப் பார்த்தார். எலும்பு வரை குளிரும் அந்தத் தண்ணீரில் முங்கி எழுந்து தன் வீட்டுக்கு நிம்மதியைக் கொண்டுவந்த பிராணி. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னார். கண் கலங்கியது.

அப்போது போன் அடித்தது.

"வாப்பா, நான் ரிதா. சிலிக்கு வந்து சேர்ந்துட்டோம். செவ்வாய்க்கிழமை வீட்ல இருப்பேன்."

ஹாஜாவுக்குச் சந்தோஷம் ஒரு நொடிதான். கப்பல் சிலி நாட்டில்; புள்ளியோ பனிக்கடலின் நட்டநடுவில். போனோடு கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"அம்மாடி, உம்மாகிட்ட சிலியில இருக்கேன்னு மட்டும் சொல்லிராதே. அந்தப் பதினொண்ணாம் நம்பர் சீல்தான் உன் கப்பல்னு ஒரு மாசமா சொல்லி வச்சிருக்கேன். பாவம், அதைப் பாத்துத்தான் அவ தைரியமா இருந்தா."

மறுமுனையில் ரிதா சிரிப்பை அடக்க முடியாமல் திணறினாள்.

"ஐயோ வாப்பா, அது கடல்நாய்னு உம்மாவுக்கு முதல்லயே தெரியும். அந்த வெப்சைட்டை உங்களுக்குக் காட்டச் சொன்னதே உம்மாதான். 'உங்க வாப்பா பயந்துபோய்ப் படுத்துருவார். எனக்குத் தைரியம் சொல்ற வேலையைக் குடுத்துட்டா தாங்கிக்குவார், நான் பயந்த மாதிரி இருந்துக்கறேன்'னு சொன்னாங்க."