பம்ப் மாற்றும் வரை

"பெட்டியெல்லாம் டிக்கியில ஏத்தின அப்புறமா இப்படி ஒழுகணும்? என்ன மாப்ளே, ஏதாச்சும் கைவரிசை காட்டிட்டீங்களா?"

மாமனார் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. மெக்கானிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"சத்தியமா நான் உங்க வண்டியத் தொடவே இல்ல மாமா" என்றான்.

யார் நம்புவார்கள்? அவன் வேலை பார்ப்பதே கார் ஒர்க்ஷாப்பில். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குக் கிளம்பும் மனைவியைக் கூட்டிப்போக வந்த கார், அவன் வாசலிலேயே தண்ணீரைக் கக்கிக்கொண்டு நிற்கிறது. சந்தேகம் வேறு யார் மேல் விழும்?

எல்லாம் வாயால் வந்த வினை. இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை அவள் டிரைவிங் லைசென்ஸ் வாங்கியிருந்தாள். ஆசை ஆசையாய் அதைக் காட்ட ஒர்க்ஷாப்புக்கு ஓடி வந்தவளைப் பார்த்து, "இனிமே நமக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லடா, தினம் ஒரு வண்டி நசுங்கி வரும்" என்றான். கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து பேசவும் இல்லை. தப்பு என்று தெரிந்தும் இவன் வீம்புக்கு வாயைத் திறக்கவில்லை. இப்போது பெட்டி கட்டும் அளவுக்கு வந்துவிட்டது. இன்று படி இறங்கினால் அவள் லேசில் திரும்ப மாட்டாள்.

மாமனார் பானெட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். காலமெல்லாம் லாரி ஓட்டியவர்.

"வாட்டர் பம்ப் போச்சு" என்று தீர்ப்புச் சொன்னார். டிக்கியில் பெட்டிகளுக்கு அடியில் கையை விட்டு, புதுப் பம்ப் ஒன்றை எடுத்து நீட்டினார். "எதுக்கும் இருக்கட்டும்னு வாங்கிப் போட்டது. ம், மாத்துங்க. இருட்டறதுக்குள்ள நாங்க வீடு போய்ச் சேரணும்."

"வாடகைக்கு ஒரு கார் கூப்பிட்டுப் போயிடலாமேப்பா?" வீட்டு ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"என் வண்டிய இந்த மனுஷன் வாசல்ல விட்டுட்டா? நல்லா இருக்கே கதை!"

மெக்கானிக் ஸ்பேனரை எடுத்தான். மாமனார் சொன்னது சரிதானா என்று சோதித்துக்கூடப் பார்க்கவில்லை. பம்ப் மாற்ற எப்படியும் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதுவரைக்குமாவது அவள் இந்த வீட்டில் இருப்பாளே!

ரேடியேட்டரில் மிச்சமிருந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வடிய விட்டான். பெல்ட்டைக் கழற்றி, துடைத்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கழற்றிய போல்ட்டுகளை வரிசையாக அடுக்கினான், கலைத்து மறுபடி அடுக்கினான்.

மாமனார் விடுவாரா? "வேலை பாக்கறீங்களா, அதுக்குத் தாலாட்டுப் பாடறீங்களா?" என்று மகள் இருந்த ஜன்னல் பக்கம் பார்த்தபடி கத்தினார்.

கதவு திறந்தது. அவள் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து அப்பாவிடம் கொடுத்தாள். ஒரே ஒரு டம்ளர். இவன் பக்கம் திரும்பவே இல்லை.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்னு கேளுங்கப்பா."

"ஆகும்னு சொல்லுங்க மாமா."

அவள் கண் சிவந்து வீங்கியிருந்தது. உள்ளே உட்கார்ந்து அழுதிருக்கிறாள். 'நான் பேசினது தப்புதான்' என்ற வார்த்தை அவன் தொண்டை வரை வந்தது. ஆனால் பக்கத்தில் எமன் மாதிரி மாமனார் நிற்கிறார், எதிர்வீட்டு ஜன்னலும் மூடினபாடில்லை. மென்று விழுங்கினான். அவள் உள்ளே போய்விட்டாள். சே, என்ன ஆள் நான் என்று தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

இனியும் இழுக்க முடியாது. கடைசி போல்ட்டைக் கழற்றினான், பழைய பம்ப் கையோடு வந்தது. பழக்கதோஷத்தில் அதன் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தான். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றியது. ஆட்டிப் பார்த்தான். இம்மியும் ஆடவில்லை. பம்பில் பழுதே இல்லை.

நெற்றி சுருங்கியது. பானெட்டுக்குள் மறுபடி குனிந்து, தண்ணீர் ஓடும் ஹோஸ் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனான். ஒன்றின் கிளிப் விரல் பட்டதுமே கழன்றது. திருகில் ஸ்குரூ டிரைவர் வைத்த புதுக் கீறல் பளபளத்தது. யாரோ வேண்டுமென்றே தளர்த்தியிருக்கிறார்கள்.

போச்சு, இதுவும் நம் தலையில்தான் விடியப் போகிறது. மெக்கானிக் வீட்டு வாசலில் நின்ற காரில் வேறு எவன் கை வைத்திருப்பான்? இதைக் கேட்டால் அவளும்தான் என்ன நினைப்பாள்? மறைத்தால் தேவலையா, சொன்னால் தேவலையா என்று தவித்துவிட்டு, கடைசியில் சொல்லிவிட்டான்.

"மாமா, பம்ப் நல்லாத்தான் இருக்கு. யாரோ ஹோஸ் கிளிப்பத் தளர்த்தி விட்டிருக்காங்க. எங்கம்மா சத்தியமா நான் இல்ல."

மாமனார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மகள் இருந்த ஜன்னலைப் பார்த்தார்.

"இன்னும் முடியலையா? என்னய்யா மெக்கானிக் நீங்க!" தெருவுக்கே கேட்கிற மாதிரி ஓர் அதட்டல் போட்டார். போட்ட கையோடு அவன் காதருகே குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள போய் மன்னிப்புக் கேளுங்க மாப்ளே. அதுவரைக்கும் நான் ஒரு போல்ட்டத் தொலைச்சு வைக்கிறேன்."