தமாரா வாங்கிய மை

கிர்கிஸ்தானின் ஓஷ் சந்தையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் புருல்சா, நெட்டில் வாங்கிய பிரிண்டர் மைப் பார்சலைக் காலால் மேசைக்கடியில் தள்ளினாள். பக்கத்துக் கடை எர்மெக்கும் மைதான் விற்கிறார். ஆனால் சம்பந்தி. சம்பந்தியிடம் யாராவது பேரம் பேசுவார்களா? அதனால்தான் ‘தமாரா’ என்ற பொய்ப்பெயரில் இந்த மலிவுச் சரக்கு.

எர்மெக் ரொட்டியோடு வந்தார்.

“என்ன சம்பந்தியம்மா, இப்பல்லாம் மையே வாங்கறதில்ல?”

“வியாபாரம் படுத்துடுச்சுங்க” என்றாள்.

அவர் முகம் வாடியது. “பாவி, நான்தாங்க காரணம். நெட்ல வேற பேர்ல கடை போட்டு, பாதி விலைக்கு விக்கிறேன். நம்ம சந்தையிலேயே தமாரான்னு ஒருத்தி அள்ளிக்கிட்டுப் போறா. உங்க கிராக்கியெல்லாம் அவதான் இழுத்துட்டா போல. ரொட்டி மேல ஆணை, இனி அவளுக்கு ஒரு டப்பா கிடையாது. மன்னிச்சேன்னு சொல்லி ஒரு துண்டு பிச்சுக்கோங்க.”

ரொட்டியைப் பிய்த்தது, தமாராவின் கை.