ஏறினால் வலம்

2024 ஆகஸ்ட் 6, செவ்வாய்க்கிழமை மதியம். மெல்பர்னின் மல்கிரேவ் பகுதியில், ஓர் அலுவலகத்தின் கார் நிறுத்துமிடத்தில், பார்த்தசாரதி கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் காருக்குள் தனியாக உட்கார்ந்திருந்தான். முகம் சிவந்திருந்தது, கண்களில் நீர் கட்டியிருந்தது.

உடன் வேலை செய்யும் விக்னராஜா கண்ணாடியைத் தட்டினார். "என்ன ஐசே, அழுறீரோ? வேலை போயிட்டுதோ?"

"இல்லண்ணா, விசில்." பார்த்தசாரதி வாயிலிருந்து மடித்த தகடு ஒன்றை எடுத்துத் துடைத்தான். "எப்படி ஊதினாலும் எச்சில்தான் வருது."

"உது ஆட்டு நாய்க்கு ஊதுறதெல்லோ? உமக்கு ஏன்?"

"எங்க நாயை ஒருத்தர் தலையில கட்டணும். அதுக்குத்தான்."

ரஸ்டி செம்மறிப் பண்ணையில் வேலை பழகிய கெல்பி நாய். கீத் என்ற முதியவர் பண்ணையை விற்றபோது, ஆசைப்பட்டு அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் பார்த்தசாரதியேதான். ஓட இடமில்லாமல் அது பொழுதுக்கும் வேலியோரம் நடந்தது. அவன் வீட்டிலிருந்து மீட்டிங்கில் பேச வாயெடுத்தால் குரைத்தது. கவுன்சில் ஆள் இரண்டு முறை வந்து எச்சரித்துவிட்டுப் போனார்.

கைன்டன் பக்கம் கோலின் என்ற பண்ணைக்காரர் ரஸ்டியை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். ஆனால் நாய் விசிலுக்கு வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். மேய்ப்பருக்கு மேய்ப்பர் விசில் மாறும்; ரஸ்டிக்குத் தெரிந்தது கீத்தின் விசில்தான்.

கீத்தின் பேச்சு பார்த்தசாரதிக்குப் பாதிகூடப் புரியாது. முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கும் அவன் மனைவி ஹம்சாவுக்கு அந்தப் பேச்சு பழக்கம். அவள்தான் போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, கோயிலில் ஒன்பது சுற்று முடித்துத் திரும்பியவள், நெற்றி விபூதி அழியாமல் கொல்லையில் துணி உலர்த்தியபடியே சொன்னாள். "நீளமா ஊதினா நிக்கும். சத்தம் மேல ஏறினா வலம். கீழ இறங்கினா அதுக்கு எதிர்ப்பக்கம்."

"வலம்னா வலது பக்கம். அதானே?"

"இதையெல்லாமா கேப்பாங்க?" ஹம்சா ஒரு போர்வையை உதறினாள். "நாய் முன்னாடி மட்டும் ஊதிப் பழகாதீங்க. தப்பா ஊதினா அது குழம்பிடும்னு கீத் சொன்னார்."

"அந்த ஆளுக்குப் பிடிக்கலைன்னா?"

"பிடிக்கலைன்னா அதோட விட்ரணும். அப்புறம் இன்னொரு பண்ணை, இன்னொரு ஆளுன்னு கிளம்பக் கூடாது. ரஸ்டி இங்கயே இருக்கட்டும்."

"சத்தியமா கிளம்ப மாட்டேன். அதுக்கு அவசியமே வராது பாரு."

அவன் காரில் ஊதினான், குளியலறையில் ஊதினான், ரயில்வே பாலத்தடியில் ஊதினான். நாக்கு நுனி புண்ணானது. அடுத்த வாரச் சனிக்கிழமைக்குள் சத்தம் ஏறச் சொன்னால் ஏறியது, இறங்கச் சொன்னால் இறங்கியது. உறக்கத்திலும் உதட்டைக் குவிக்கிறான் என்று ஹம்சா சிரித்தாள்.

ஹம்சாவையும் ரஸ்டியையும் ஏற்றிக்கொண்டு அவன் போய்ச் சேர்ந்தபோது கைன்டனில் குளிர்காற்று வீசியது. மைதானத்தின் நடுவே ஆடுகள் நெருக்கியடித்து நின்றன. வலது பக்கத்தில் வேலி பிய்ந்து கிடந்தது.

"அந்தப் பக்கம் அனுப்பு," என்றார் கோலின், வலது கையை நீட்டி. "நாய் அங்கே போய் நின்றால்தான் ஆடு வேலியைத் தாண்டாது."

பார்த்தசாரதி ஊதினான். இத்தனை நாளில் அவ்வளவு சுத்தமாக அது ஒலித்ததில்லை. சத்தம் வளைந்து மேலே ஏறியது.

ரஸ்டி அம்புபோலப் பாய்ந்தது, இடது பக்கமாக.

அவன் பதறி மறுபடியும் அதையே ஊதினான். ரஸ்டி இடது பக்கமாகவே இன்னும் வேகம் பிடித்து வளைத்தது. மிரண்ட ஆடுகள் மொத்தமாக வலது பக்கம் திரண்டு, பிய்ந்த வேலி வழியே பக்கத்துத் தோட்டத்துக்குள் இறங்கின.

கோலின் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஓட்டம் நல்ல ஓட்டம். ஆனால் பக்கம் தெரியாத நாய் எனக்கு வேண்டாம், நண்பா."

ஹம்சா காரின் பின் கதவைத் திறந்தாள். ரஸ்டி ஏறிக்கொண்டது.

பார்த்தசாரதி காரை நெடுஞ்சாலைக்குத் திருப்பினான். விரல்கள் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டபடி இருந்தன. "சரியாத்தானே ஊதினேன்? மேல ஏறினா வலம்னுதானே சொன்ன?"

"ஆமா. கடிகாரம் சுத்துற பக்கம்னு கீத் சொன்னார். வலம்தானே அது?"

அவன் காற்றில் விரலால் ஒரு வட்டம் போட்டான். இன்னொரு வட்டம் போட்டான். சட்டென்று நிமிர்ந்தான்.

"ஹம்சா! கோயில்ல சன்னிதியைப் பாத்து நின்னு வலம் வரணும்னா நாம இடது பக்கமாத்தானே கிளம்புவோம்? அப்ப ரஸ்டி போனதுதான் சரி! நான்தான் தப்பா ஊதியிருக்கேன்." நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் அடுத்த பாதைக்கு இண்டிகேட்டரைப் போட்டான். "திரும்பிப் போய் கோலின்கிட்ட சொன்னா, இன்னைக்கே எடுத்துப்பார்."

ஹம்சா கையை நீட்டி இண்டிகேட்டரை அணைத்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். நேரா ஓட்டுங்க."